வீட்டு வசதிப் பணியில் இருப்பவர் எங்கே போய்க் கற்கலாம்? கடலூர், புதுச்சேரியிலிருந்து ஓர் ஒப்பீடு

எங்கள் பக்கத்தில் ஏழைகளுக்கான வீட்டு வசதி வேலைக்கு வந்தவர்களில் பலர் பேரிடரோடு வந்தவர்கள். 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை தேவனாம்பட்டினத்தையும் சோத்திக்குப்பத்தையும் அடித்துப் போட்டபோது அரிசியும் போர்வையும் கொடுக்க வந்த இளைஞர்கள், கொஞ்ச நாளில் மனை அளக்கவும் பயனாளிப் பட்டியல் எழுதவும் ஆரம்பித்தார்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் குடிசைகளைப் பிய்த்தெறிந்த பிறகு இன்னும் பலர் வந்தார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகும், 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சலுக்குப் பிறகும் இதேதான் நடந்தது.

இப்படி வந்தவர்களில் சமூகப் பணி படித்தவருக்கு லிண்டல் மட்டம் (கதவு, ஜன்னலுக்கு மேலே வரும் மட்டம்) தெரியாது. சிவில் டிப்ளமோ முடித்தவருக்கு ஊர்க்கூட்டத்தில் எதிர்ப்பு கிளம்பினால் என்ன பேசுவது என்று தெரியாது. மகளிர் குழுவில் வளர்ந்து வந்த அக்காவுக்கு இரண்டும் ஓரளவு தெரியும், ஆனால் கையில் சான்றிதழ் எதுவும் இருக்காது. அடுத்து எங்கே கற்பது, இதே வேலை செய்யும் மற்றவர்களை எங்கே சந்திப்பது என்று மூன்று பேருமே தேடுகிறார்கள். செலவிட முடிகிற பணமும் விடுப்பும் குறைவு என்பதால் தேர்வு சரியாக அமைய வேண்டும்.

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏற்கெனவே களத்தில் இருப்பவர், இதே வேலையை வேறு ஊரில் செய்பவர்களிடம் போய்த் தங்கிப் பார்ப்பதைத்தான் முதலில் வைக்க வேண்டும். கையால் செய்து பழகும் பயிற்சி இரண்டாவது. பட்டம் அதற்கும் அப்புறம். இப்போதுதான் கல்லூரி முடித்து வேலை தேடுபவருக்கு மட்டும் இந்த வரிசை மாறும்.

வரிசையில் கடைசியாக இருப்பதிலிருந்து, அதாவது பட்டத்திலிருந்து தொடங்குகிறேன். காலாப்பட்டில் இருக்கும் புதுவைப் பல்கலைக்கழகத்தில் சமூகப் பணி முதுகலை இருக்கிறது. இரண்டு ஆண்டு, முழுநேரம். வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரலாம் என்பது கடலூர், புதுச்சேரிப் பிள்ளைகளுக்குப் பெரிய வசதி. இந்தப் படிப்பில் களப்பணி கட்டாயம் என்பதுதான் இதன் உயிர். எந்த நிறுவனத்தில் களப்பணிக்குப் போகிறோம் என்பதை மாணவர் கொஞ்சம் முயன்றால் தன் விருப்பப்படி அமைத்துக்கொள்ளலாம். வீட்டு வசதியில் ஆர்வம் இருந்தால் குடிசைப் பகுதிகளிலோ மறுகுடியமர்வுக் குடியிருப்புகளிலோ வேலை செய்யும் அமைப்பைக் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் படிப்பு முடிந்த பிறகும் ஒரு வீட்டின் செலவு மதிப்பீட்டைப் பார்த்திருக்க மாட்டீர்கள்.

வேலையில் இருந்துகொண்டே படிக்க இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் ஊரக வளர்ச்சி முதுகலை இருக்கிறது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊரக வளர்ச்சி, பஞ்சாயத்து ராஜ் நிறுவனமும் தொலைநிலையில் பட்டயப் படிப்புகள் நடத்துகிறது. பெரிய நிறுவனங்களும் அரசுத் திட்டங்களும் ஆள் எடுக்கும்போது "சமூகப் பணி அல்லது ஊரக வளர்ச்சியில் முதுகலை" என்று விளம்பரத்தில் போட்டுவிடுகிறார்கள். அந்தக் கதவைத் திறக்கத் தொலைநிலைப் பட்டம் போதும். ஆனால் அதில் கூடப் படிப்பவர் முகமே தெரியாது. பட்டம் கிடைக்கும், ஆள் பழக்கம் கிடைக்காது.

பட்டப் படிப்புகள் எல்லாவற்றிலும் எனக்கு ஒரு குறை உண்டு. வீட்டுப் பிரச்சினையில் பாதிக்கு மேல் நிலப் பிரச்சினை. நத்தமா, புறம்போக்கா, கடலோர ஒழுங்குமுறை எல்லைக்குள் வருகிறதா, பட்டா அப்பா பேரிலா, இறந்துபோன தாத்தா பேரிலா என்பதில்தான் குடும்பங்கள் மாட்டிக்கொண்டு நிற்கின்றன. ஆழிப்பேரலைக்குப் பிறகு 2005 மார்ச்சில் தமிழக அரசு கொண்டுவந்த 172ஆம் எண் அரசாணையின்படி, புது வீடு வாங்கும் கடலோரக் குடும்பம் பழைய மனையை அரசுக்கு விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. படகையும் வலையையும் வைக்க இடமில்லாமல் போகுமே என்று மீனவர் தயங்கியதன் நியாயம் பாடப் புத்தகத்தில் ஒரு பத்தியாகக்கூட வராது. அந்த நாட்களில் ஊர்ப் பஞ்சாயத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு மாலை நேரம் கேட்டுப் பாருங்கள்.

பெங்களூரில் உள்ள மனிதக் குடியிருப்புகளுக்கான இந்திய நிறுவனம் நடத்தும் நகரியல் ஆய்வுதவித் திட்டத்தையும் பலர் கேட்கிறார்கள். 2016இல் தொடங்கியது. ஏறத்தாழ ஒரு கல்வியாண்டு அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும், எல்லாமே ஆங்கிலத்தில். கட்டடக் கலை, சட்டம், பொருளியல், சமூகப் பணி என்று பல துறையினரைச் சேர்த்து உட்காரவைத்துச் சொல்லித் தருவது அதன் பலம். பண வசதி குறைந்தவர்களுக்குக் கட்டண உதவியும் உண்டு. ஆங்கிலம் தடையில்லாத, குடும்பப் பொறுப்பு இன்னும் தோளில் ஏறாத இளைஞருக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வேலைக்கு வரும் களப்பணியாளரால் இதற்கு நேரம் ஒதுக்க முடியாது.

ஒன்றிய அரசின் இணையவழிக் கல்வித் தளமான ஸ்வயத்தில் ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் நடத்தும் வீட்டு வசதி, நகரத் திட்டமிடல் பாடங்களை இலவசமாகப் பார்க்கலாம். தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கத்தான் கட்டணம். கொள்கை எப்படி வளர்ந்தது என்ற பின்னணி தெரிந்துகொள்ள நல்லது. ஆனால் தனியாகப் பார்த்தால் மூன்றாவது வாரத்தில் நின்றுவிடும். நான்கு பேர் சேர்ந்து, வாரம் ஒருநாள் ஒரே இடத்தில் பார்த்துப் பேசினால் முடியும்.

அரசுப் பயிற்சி நிறுவனங்களுக்கு வருவோம். ஹைதராபாத் நிறுவனம் 1958இல் முசௌரியில் சமுதாய வளர்ச்சிக்கான தேசிய நிறுவனமாகத் தொடங்கி, பிறகு இடம் மாறியது. மறைமலை நகரில் மாநில ஊரக வளர்ச்சி நிறுவனம் இருக்கிறது. புது டெல்லியில், வீட்டு வசதிக்குக் கடன் தரும் ஒன்றிய அரசு நிறுவனமான ஹட்கோவின் மனிதக் குடியிருப்பு மேலாண்மை நிறுவனம் 1985 முதல் நடக்கிறது. இவற்றின் குறுகிய காலப் பயிற்சிகள் பெரும்பாலும் அரசு அலுவலர்களுக்கும் உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்கும் உரியவை, துறைதான் பெயர் அனுப்பும். ஒன்றியப் பொறியாளராகவோ நகராட்சியிலோ இருப்பவர் இந்த வாய்ப்பைக் கேட்டு வாங்க வேண்டும். வகுப்பைவிட, விடுதியில் வேறு மாவட்டத்து ஓவர்சியரோடு இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நடக்கும் பேச்சு உதவும். தொண்டு நிறுவனத்தில் இருப்பவருக்கு இந்த வழி அவ்வளவாகத் திறந்திருக்காது. ஆனால் ஹைதராபாத் வளாகத்தில் உள்ள ஊரகத் தொழில்நுட்பப் பூங்காவைக் குழுவாகப் போய்ப் பார்க்கலாம். மண் கல், நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டுச் சுவர் என்று பல முறைகளில் கட்டிய மாதிரி வீடுகள் அங்கே வரிசையாக நிற்கின்றன. கொத்தனாரையும் கூட்டிக்கொண்டு போனால்தான் பயன்.

இனி நம் வாசலிலேயே இருப்பது. ஆரோவில் புவி நிறுவனம் 1989இல் ஹட்கோ ஆதரவோடு, குறைந்த செலவுக் கட்டுமான முறைகளைக் கற்றுத் தரும் கட்டட மையமாகத் தொடங்கியது. கேரளத்தில் கொல்லத்தில் நிர்மிதி கேந்திரம் தொடங்கிய பிறகு நாடெங்கும் பரவிய கட்டட மைய இயக்கத்தின் ஒரு கிளை என்று சொல்லலாம். நிலைப்படுத்தி அழுத்திய மண் கல்லில் உலகமெங்கும் இருந்து ஆட்கள் வந்து கற்றுப் போகிறார்கள். மண் கல், வளைவு, கவிமாடம் என்று ஒரு வாரம், இரண்டு வாரப் பயிற்சிகள் நடக்கின்றன. கடலூர்க்காரருக்கு இது ஒரு பஸ், ஓர் ஆட்டோ தூரம்.

அங்கே கற்பது உண்மையிலேயே கையில் ஒட்டும் படிப்பு. மண்ணை எடுத்து மோந்து பார்ப்பது, ஈரமாக்கி உருட்டிப் பார்ப்பது, பாட்டிலில் கரைத்து மணல் எவ்வளவு, களி எவ்வளவு என்று அடுக்குப் பிரியவிட்டுப் பார்ப்பது என்று ஆரம்பிக்கும். சரளை 15, மணல் 50, வண்டல் 15, களி 20 விழுக்காடு என்ற கலவைக்குப் பக்கத்தில் இருக்கும் மண் நல்ல மண். அதில் 5 விழுக்காடு அளவுக்குச் சிமெண்ட் கலந்து அழுத்தி, நான்கு வாரம் ஈரத்தில் பதப்படுத்தினால் கல் ஆகிவிடும். சூளை வேண்டாம், விறகு வேண்டாம். இந்த முறையில் கட்டிய ஆரோவில் பார்வையாளர் மையம் 1992இல் ஏழைகளுக்கான கட்டடக் கலைக்கென்று ஹசன் ஃபாத்தி விருது பெற்றது. பயிற்சிக்குப் போகாவிட்டாலும் அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள். மண் வீடு என்றாலே மழைக்குக் கரையும் என்று நினைப்பவர்களின் பேச்சு அங்கே மாறும்.

ஆனால் அங்கே கற்றதை அப்படியே எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போக முடியாது. ஆரோவில் மேட்டுச் செம்மண், புவியியலாளர்கள் கடலூர் மணற்கல் என்று பெயரிட்ட பாறை அமைப்பைச் சேர்ந்தது. பண்ருட்டி, நெய்வேலிப் பக்கமும் அதே செம்மண் மேடு உண்டு, அங்கெல்லாம் முயன்று பார்க்கலாம். தாழங்குடாவின் கடல் மணலில் முடியாது, செம்மண்ணை வண்டி வைத்துக் கொண்டுவந்தால் மிச்சம் பிடித்த காசு வாடகைக்குப் போய்விடும். கொள்ளிடக் கரை வயலின் களிமண்ணும் சரிப்படாது. நெய்வேலி அனல்மின் நிலையங்களின் சாம்பலில் செய்த கல் நம் மாவட்டத்தில் தாராளமாகக் கிடைக்கிறது என்பதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

இன்னொன்று, அரசுத் திட்ட வீட்டில் பில் போடுபவர் ஓவர்சியர். தமிழக அரசின் கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய், பரப்பு 360 சதுர அடி, அதில் 300 சதுர அடிக்குக் காங்கிரீட் தளம். பேஸ்மட்டம், லிண்டல், தளம், முடிவு என்று கட்டம் கட்டமாகத்தான் பணம் வரும். ஒரு கட்டத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் குடும்பம் கடன் வாங்கும். நாம் கற்றுவந்த புதிய கல்லை எம்-புக்கில் (வேலையை அளந்து எழுதும் பதிவேட்டில்) எழுத ஓவர்சியர் தயங்கினால் அந்தக் கடனுக்கு வட்டி ஏறும். ஆகவே ஆரோவில் பயிற்சிக்குப் போகும் தொண்டு நிறுவனம் தன் பொறியாளரை மட்டும் அனுப்பாமல், உள்ளூர்க் கொத்தனார் ஒருவரையும், முடிந்தால் ஒன்றியத்திலிருந்து ஒருவரையும் சேர்த்து அனுப்பினால் கற்றது ஊரில் வேலைக்கு ஆகும். பொறியாளர் வேறு வேலை கிடைத்துப் போய்விடலாம். கொத்தனார் ஊரிலேயே இருப்பார்.

இதே வரிசையில் குறைந்த செலவுக் கட்டுமானத்தில் வேலை செய்யும் திருச்சூரின் காஸ்ட்ஃபோர்ட் அமைப்பும், திருவனந்தபுரத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பெயரில் இயங்கும் குடியிருப்பு ஆய்வு மையமும் வருகின்றன. காஸ்ட்ஃபோர்ட் 1985இல் தொடங்கியது. எலிப்பொறிக் கட்டில் செங்கல்லை நிறுத்திவைத்து நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டுவதால் ஏறக்குறைய கால் பங்கு கல் மிச்சமாகும், உள்ளே வெப்பமும் குறையும். தளத்தின் அடிப்பகுதியில் ஓடு பதித்துக் காங்கிரீட்டைக் குறைக்கும் முறையும் அவர்களிடம் கற்கலாம். இரண்டுமே நம் ஊர்ச் செங்கல்லுக்கும் சாம்பல் கல்லுக்கும் நேரடியாகப் பொருந்தும். ஆகவே கடலோர ஊர்களில் வேலை செய்பவர் ஆரோவிலா கேரளமா என்று கேட்டால், தூரம் அதிகமானாலும் கேரளம் என்றே சொல்வேன். பண்ருட்டி, விருத்தாசலம் பக்கத்தவர் ஆரோவில் போகட்டும்.

நான் முதலிடம் கொடுப்பது ஊருக்கு ஊர் போய்வரும் பரிமாற்றத்துக்கு. இதன் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர் ஜோக்கின் அற்புதம் மும்பையில் தேசியக் குடிசைவாழ் மக்கள் கூட்டமைப்பைக் கட்டினார். 1984இல் தொடங்கிய ஸ்பார்க் என்ற தொண்டு நிறுவனமும், நடைபாதையில் குடியிருந்த பெண்களின் மகிளா மிலன் குழுக்களும் அதோடு கைகோத்தன. தங்கள் குடிசைகளைத் தாங்களே எண்ணிக் கணக்கெடுத்தார்கள், அன்றாடம் சிறுகச் சேமித்தார்கள், எப்படிப்பட்ட வீடு வேண்டும் என்று துணியாலும் மூங்கிலாலும் முழு அளவில் மாதிரி கட்டிக் காட்டினார்கள். ஒரு நகரத்துப் பெண்கள் கற்றதை இன்னொரு நகரத்துப் பெண்களுக்கு நேரில் போய்ச் சொல்லித் தந்தார்கள். அந்தப் பழக்கம் தென்னாப்பிரிக்கா வரை போய், 1996இல் பன்னாட்டுக் கூட்டமைப்பாக வளர்ந்தது. 2000இல் ஜோக்கினுக்கு மகசேசே விருது கிடைத்தது.

இந்த முறை ஏன் பலிக்கிறது என்றால், கேள்வி கேட்பவரும் பதில் சொல்பவரும் ஒரே கஷ்டத்தில் இருப்பவர்கள். கடலூர் முதுநகரிலிருந்து வீடு மாற்றப்படப் போகும் குடும்பத்துப் பெண்கள், சென்னையின் மறுகுடியமர்வுக் குடியிருப்புகளான கண்ணகி நகருக்கோ பெரும்பாக்கத்துக்கோ ஒரு நாள் போய்வரட்டும். மாடி வீட்டில் தண்ணீர் எப்படி ஏறுகிறது, மின்தூக்கி நின்றால் யார் பார்ப்பது, பழைய இடத்து வீட்டு வேலையை எத்தனை பேர் இழந்தார்கள், பிள்ளைகள் எந்தப் பள்ளிக்குப் போகிறார்கள் என்று கேட்டுவிட்டு வருவார்கள். அதன் பிறகு நடக்கும் ஆலோசனைக் கூட்டத்தில் அவர்களின் பேச்சு வேறு மாதிரி இருக்கும். புதிய கட்டுமான முறைகளைக் காட்ட ஒன்றிய அரசு எடுத்த கலங்கரை விளக்கத் திட்டத்தில், பெரும்பாக்கத்தில் 2022இல் திறந்த குடியிருப்பையும் சேர்த்துப் பார்க்கலாம். முன்வார்ப்புக் காங்கிரீட்டில் (முன்கூட்டியே வார்த்துக் கொண்டுவந்து பொருத்தும் பகுதிகளால்) கட்டிய 1152 வீடுகள் அங்கே இருக்கின்றன. பொறியாளர் இணைப்புகளைப் பார்ப்பார், குடியிருக்கப் போகிறவர் ஆணி அடிக்க முடியுமா, கொடி கட்ட இடம் இருக்கிறதா என்று பார்ப்பார். இரண்டு பேரும் ஒரே வண்டியில் திரும்பி வரும்போது நடக்கும் உரையாடலை எந்த வகுப்பறையாலும் உண்டாக்க முடியாது.

பரிமாற்றத்துக்குக் குறையும் உண்டு. சான்றிதழ் கிடையாது. யாராவது முன்னின்று ஏற்பாடு செய்யாவிட்டால் நடக்காது. சுற்றுலாவாக மாறிவிடும் அபாயமும் இருக்கிறது. போவதற்கு முன் கேள்விகளை எழுதி வைப்பதும், வந்த ஒரு வாரத்துக்குள் ஊரில் கூடிப் பேசுவதும் இருந்தால் அந்த அபாயம் பெரிதும் குறையும்.

தூரமாகப் போக முடியாதவர்கள் முள்ளோடை எல்லையைத் தாண்டினாலே போதும். பாகூரும் கடலூரும் ஒரே மண், ஒரே சொந்தபந்தம், ஆனால் விதி வேறு. பிரதமர் நகர்ப்புற வீட்டு வசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் வீட்டுக்கு 2.5 லட்சம் உதவி. அதில் தமிழ்நாட்டுக்கு ஒன்றிய அரசின் பங்கு 1.5 லட்சம், புதுச்சேரிக்கு 2.25 லட்சம். புதுச்சேரியில் குடிசை மாற்று வாரியம் காமராஜர் பெயரில் கல்வீட்டுத் திட்டத்தையும் நடத்துகிறது. தமிழ்நாட்டில் 1970இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம் 2021 முதல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம். கிராமசபை தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது, பயனாளிப் பட்டியலை அங்கே கேட்டுச் சரிபார்க்கலாம். புதுச்சேரியிலோ 2006க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தலே நடக்கவில்லை. அங்கே வேலை செய்பவர்கள் கொம்யூன் (அங்கத்து ஊராட்சி) அலுவலகம், தொகுதி எம்.எல்.ஏ. என்று வேறு கதவுகளைத் தட்டப் பழகியிருக்கிறார்கள். இரு பக்கத்தாரும் மாதம் ஒருமுறை கடலூரில் ஒரு தடவை, புதுச்சேரியில் ஒரு தடவை என்று மாறி மாறிக் கூடினால், இரண்டு அரசுகளின் நடைமுறையையும் செலவில்லாமல் கற்கலாம். நாற்பது பேர் வேண்டாம், பத்துப் பேர் போதும். கூட்டத்துக்கு ஒரு சிக்கலான கேஸ் மட்டும் எடுங்கள், பட்டா நகலோடும் மதிப்பீட்டோடும் வாருங்கள். வாட்ஸப் குழு தகவல் அனுப்ப உதவும், ஆனால் நம்பிக்கை நேரில் பார்த்தால்தான் வளரும்.

ஆக, யார் எதைத் தேர்ந்தெடுப்பது? கல்லூரி முடித்து இந்தத் துறைக்கு வர நினைக்கும் இளைஞர் காலாப்பட்டில் முழுநேரமாகப் படிக்கட்டும், ஆங்கிலமும் துணிவும் இருந்தால் பெங்களூருக்கும் விண்ணப்பிக்கட்டும். பத்து ஆண்டாகக் களத்தில் இருந்து பதவி உயர்வுக்குப் பட்டம் தடையாக நிற்பவர் தொலைநிலையில் சேரலாம், ஆனால் பட்டம் வருவதற்குள் மாதக் கூட்டத்தை விட்டுவிடக் கூடாது. சிவில் படித்தவர் முதலில் ஒரு வாரம் கையால் மண்ணையும் கல்லையும் தொடட்டும், அப்புறம் குடியிருப்பு மக்களோடு ஒரு பரிமாற்றத்துக்குப் போகட்டும். இந்த வரிசையில் எனக்குச் சந்தேகமே இல்லை.

குழுவிலிருந்து வந்த அக்காக்களைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுகிறேன். வீட்டுக்கு வீடு போய் எந்தக் கட்டத்தில் பணம் நின்றுபோயிருக்கிறது என்று விரல்நுனியில் சொல்பவர்கள் அவர்கள். பயிற்சி அறிவிப்பு வந்தால் அவர்கள் பெயர் பட்டியலில் கடைசியில் வரும், பல நேரம் வராமலே போகும். அவர்களுக்கு ஏற்றது பரிமாற்றப் பயணம்தான், அதற்கான செலவை நிறுவனம்தான் ஏற்க வேண்டும். அடுத்த ஆண்டுக்கான திட்ட அறிக்கை எழுதும்போதே பஸ் செலவு, சாப்பாடு, அந்த இரண்டு நாளில் அவர்கள் இழக்கும் கூலி மூன்றையும் தனித்தனி வரியாக எழுதிவிடுங்கள். மொத்தமாக எழுதினால் நிதி குறையும்போது முதலில் வெட்டப்படுவது கூலிதான்.